மனு நிலுவையில் இருக்கும்போது

உயிருக்கு ஆபத்து நேரும் என்று நம்பக் காரணம் இருந்தால், சம்பவ இடத்தில் இருக்கும் அதிகாரி மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, உடனே அறிக்கை அனுப்பிப் பின்னேற்பு பெற்றுக்கொள்ளலாம். நடந்து முடிந்த காரியத்துக்குப் பிறகு கொடுக்கப்படும் ஒப்புதலுக்குத்தான் பின்னேற்பு என்று பெயர். நான் புரட்டிய எல்லா நடைமுறை நூல்களிலும் இந்த விதி ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு சொல்லமைப்பில் இருந்தது. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், விதிவிலக்குகளோடு விதிவிலக்காக.

வருவாய்த் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் இந்த விதியைச் சொல்வேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நீங்கள் எத்தனை தடவை இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சுலபம்.

என் பணிக்காலம் முழுவதும் என் பெயருக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணைகூட வந்ததில்லை. இதை ஓய்வுபெற்ற நாளில் மேடையில் சொல்லிப் பாராட்டினார்கள். தவறான முடிவு எடுக்காமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரியான முடிவு எடுப்பது. அதில் ஆபத்து இருக்கிறது. நான் இரண்டாவது வழியில் போனேன். ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தால், மூன்றாவது இணைப்பில் தேதி இல்லை என்று கீழே அனுப்புவேன். எல்லாம் சரியாக இருந்தால், தெளிவுரை கோரலாம் என்று மேலே அனுப்புவேன். கீழேயும் மேலேயும் போனது போக, நடுவில் என்னிடம் எதுவும் தங்காது. இளைய எழுத்தர்கள் என் மேசைக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார்கள். நிற்காமல் எதுவும் போகாது. எதற்கு நின்றது என்றும் தெரியாது. எனக்கு இந்தப் பெயர் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு, இராமேஸ்வரம் பக்கம் ஒரு வருவாய் ஆய்வாளர் இருந்தாள். முப்பது வயதுகூட இராது. புயல் எச்சரிக்கை வந்த ஒரு நாள் கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். தலைமையாசிரியர் பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில். அவள் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்து எல்லாரையும் உள்ளே ஏற்றிவிட்டாள். எந்த அதிகாரத்தின் கீழ் பூட்டை உடைத்தீர்கள் என்று கேட்ட குறிப்பாணையை வரைந்தவன் நான். நல்ல வரைவு. அவள் பதிலைக் கையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"சார், நீங்க அங்கன இருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"தலைமையாசிரியருக்குப் போன் பண்ணியிருப்பேன்."

"பண்ணேன். மொய் எழுதிட்டு வாரேன்னாரு."

"அப்புறம் தாசில்தாருக்கு."

"லைன் கிடைக்கல."

"எழுத்துமூலமா ஒரு அனுமதி கேட்டு—"

"தண்ணி கணுக்கால்ல இருந்து முழங்காலுக்கு வந்துருச்சு சார். நான் யாருக்கு எழுத?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவளுக்குப் பின்னேற்பு கிடைத்தது, கோப்பு முடிந்தது. அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள் என்பது அன்று எனக்குப் படவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம், நானும் மனைவியும். உச்சிப்புளியைத் தாண்டி, இராமேஸ்வரம் போகும் சாலையை ஒட்டிய ஊர். வீடுகள் சாலைக்கு ஒரு பக்கம். கண்மாயும் மிளகாய்க் கொல்லைகளும் மறுபக்கம். என் வீட்டிலிருந்து நாலாவது வீடு அக்காவுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்புவரை படித்தாள். அதற்குமேல் படிக்க வைக்க அய்யாவுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் தெம்பு இருந்தது. அந்தப் பிள்ளை நான். இதை அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. மாறாக, "எங்க தம்பி ஒரு எழுத்து எழுதுனா கலெக்டரே நின்னுதான் படிப்பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். கலெக்டர் என் எழுத்தை உட்கார்ந்தும் படித்ததில்லை என்று நான் திருத்தவில்லை.

அவள் ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தச் சாலையைத் தாண்டிப் போய்வருவாள். விடிந்ததும் ஆடுகளைக் கண்மாய்க்குள் விட. பத்து மணிக்குக் கொல்லைக்கு. மத்தியானம் அத்தானுக்குச் சோறு கொண்டுபோக. பொழுதிறங்க ஆடுகளைப் பத்திக்கொண்டு வர. சாலை குண்டும் குழியுமாக இருந்தவரை இதில் ஒன்றுமில்லை. புதிதாகத் தார் போட்டார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இராமேஸ்வரம் போகிற வண்டிகள் எங்கள் ஊரை ஊராகவே மதிக்கவில்லை. அதிலும் எங்கள் இடத்தில் ஒரு வளைவு. கருவேல மரங்கள் மறைக்கும். வண்டி தெரிவதற்கு முன்னால் சத்தம் வரும், சத்தம் வந்த மறுகணம் வண்டியே வந்துவிடும்.

முதலில் ஒரு கிடாய் போனது. பிறகு ஒரு சினை ஆடு. மூன்றாவதாக ஒரு பெரியவரின் சைக்கிள் பின்சக்கரம், பெரியவர் பிழைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மேலே கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அது உச்சிப்புளி ஓடுதளத்தில் இறங்கப் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வானத்துல போறவன்கூடப் பாத்துத்தான் இறங்குறான். தரையில போறவனுக்கு என்னலே கேடு?"

"வேகத்தடை வேணும்க்கா. அதுக்கு ஒரு முறை இருக்கு."

"உன் முறை வர்றதுக்குள்ள என் ஆட்டுக்கொட்டில் காலியாயிரும்."

இரண்டு நாளில் அத்தானும் நாலைந்து ஆட்களும் சேர்ந்து, புயலில் விழுந்து கிடந்த பனையை அறுத்து இரண்டு தடிகளை உருட்டி வந்தார்கள். வளைவுக்கு முன்னால் இடப்பக்கம் ஒன்று, இருபதடி தள்ளி வலப்பக்கம் ஒன்று. சாலையை அடைக்கவில்லை, வண்டி வளைந்து நெளிந்துதான் போக முடியும், அதற்கு வேகம் குறைய வேண்டும். தடிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அக்கா தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து இரண்டிலும் கட்டினாள். எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் ஒரு பொறியாளர் போட்ட எந்தத் திட்டமும் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் வண்டிகள் எங்கள் ஊரில் கோயிலைச் சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றிப் போயின.

அதற்குப் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள்காரன் தடியைக் கடைசி நேரத்தில் பார்த்து, பிரேக்கை அழுத்தி விழுந்தான். முழங்கால் சிராய்ப்பு. எழுந்து நின்று ஊரையே திட்டினான். கூட்டம் கூடியது. அப்போது நான் வெளியே வந்தேன். வராமல் இருந்திருக்கலாம்.

பொதுச் சாலையில் தடை ஏற்படுத்துவது குற்றம் என்று சொன்னேன். நாளைக்கு ஒருவன் இதில் மோதிச் செத்தால் முதல் குற்றவாளி யார், தடியை வைத்தவர், அதாவது அத்தான் என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன எதிலும் ஒரு வார்த்தை பொய்யிருக்காது. நான் எழுதி முறைப்படி வேகத்தடை வாங்கித் தருகிறேன், இப்போது தடிகளை எடுங்கள் என்றேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எழுதுறேன்னு சொல்லுற. வாங்கிட்டேன்னு எப்பச் சொல்லுவ?"

"மூணு மாசம்."

"மூணு மாசத்துல ஆடு ரெண்டு ஈத்து ஈனாது, ஆனா நூறு வண்டி நூறாயிரம் வண்டியாயிரும்லே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தடிகளை எடுத்தார்கள். படித்தவன் சொல்கிறான், நமக்கு நல்லதுக்குத்தான் சொல்வான் என்று எடுத்தார்கள். அத்தான் அவற்றைத் தன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உருட்டிப் போட்டார். அவர் மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார், மாடுகளிடம்தான் பேசுவார்.

இன்று யோசித்தால், அந்தத் தடிகளைப் பற்றி நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதற்கு அனுமதி உண்டா? இதை எப்படி ஆபத்தில்லாமல் வைப்பது என்று கேட்டிருக்கலாம். வெளிச்சத்தில் மினுங்கும் பட்டை உச்சிப்புளிக் கடையில் கிடைக்கும். ஐம்பதடி முன்னாலேயே ஒரு பலகை வைத்திருக்கலாம். வைத்துவிட்டு, வைத்தது நான்தான் என்று ஒரு அறிக்கை அனுப்பியிருக்கலாம். எனக்குப் பாடமாகத் தெரிந்த விதி அதைத்தானே சொல்கிறது. ஆனால் அந்த அறிக்கையின் கீழே ஒரு பெயர் வேண்டும்.

மனுவை அக்காவின் பெயரில் எழுதினேன்.

"என் பேரை எதுக்குலே போடுற? எழுதுறவன் நீ."

"பாதிக்கப்பட்டவங்கதான்க்கா மனுதாரரா இருக்கணும். எனக்கு இதுல நேரடித் தொடர்பு இல்ல."

"நீ ரோட்டைத் தாண்டுறதில்லையோ? பறந்தா போற?"

"தாண்டுறேன். நாலு தடவை இல்ல."

"அப்ப நாலு தடவை தாண்டுனாத்தான் உங்க ஆபீசுல மனுசியா?"

பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏற்றி எழுதினாள். பாதிக்கப்பட்டவரே மனுதாரர் என்பது சரியான நடைமுறை. ஆனால் நான் அப்படிச் செய்ததற்குக் காரணம் அதுவல்ல. நான் வேலை பார்த்த வட்டாரத்தில், எனக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைகளில், என் பெயர் ஒரு மனுதாரர் பெயராகச் சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொடுக்கிற இடத்தில் இருந்தவன் கேட்கிற இடத்தில் நிற்பதற்குக் கூச்சம். அவ்வளவுதான். அதை நடைமுறை என்று அழைத்துக்கொண்டேன்.

மனு அருமையாக இருந்தது. பொருள், பார்வை, இணைப்பு, நகல் பெறுவோர் நான்கு பேர். ஒரு மாதம் கழித்து முதல் நினைவூட்டு. அதற்குப் பிறகு இரண்டாவது. எழுதும்போது பழைய சுகம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதினேன். மனைவி காப்பியை வைத்துவிட்டு, "ரிட்டயர்டு ஆனவருக்கு யாரு வேலை குடுத்தா?" என்பாள்.

அக்கா தினமும் ஆடுகளைப் பத்திக்கொண்டு போகும்போது வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

"ஏலே, உன் காகிதம் எந்த ஊருல இருக்கு இன்னைக்கு? இராமநாதபுரம் தாண்டிருச்சா?"

"பரிசீலனையில இருக்குக்கா."

"அது எந்தப் பக்கம்? பஸ் போகுமா?"

இதற்கு நான் சிரிப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே, சாலையின் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்து, "ஹை ஹை" என்று ஆடுகளை விரட்டி ஓட்டமாகத் தாண்டுவாள். அறுபத்தெட்டு வயதில் ஓட்டமாக.

ஆடி பிறந்தது. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களின் வண்டிகள் எங்கள் சாலையில் எப்படிப் போகும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசைக்கு நாலு நாள் முன்பு அவள் வந்தாள். அன்று கேலி இல்லை. என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள், எப்போதும் உட்காரமாட்டாள்.

"தம்பி, அந்தத் தடி ரெண்டும் கொட்டகைக்குப் பின்னாலதான் கிடக்கு. ஒரு நாலே நாளைக்கு வச்சுக்கிருவமா? அமாவாசை முடிஞ்ச மறுநாளே எடுத்துருவோம். உங்க அத்தான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேங்குறாரு."

நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. என் தொழில் அது.

"மனு நிலுவையில இருக்கும்போது அப்படிச் செய்யக்கூடாதுக்கா. நம்ம பக்கம் பலவீனமாயிரும். பாக்க வர்றவங்க தடியைப் பாத்தா, இவங்களே தடை வச்சுக்கிட்டாங்க, இனி நாம எதுக்குன்னு கோப்பை முடிச்சிருவாங்க."

"பாக்க வாராகளா?" என்றாள்.

"வரலாம்."

"சரி. நீ சொன்னாச் சரிதான்." எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனாள். போகும்போது, முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டதாக என் மனைவியிடம் சொல்லச் சொன்னாள்.

அந்த வாக்கியம் தவறில்லை என்பதுதான் கொடுமை. என் அலுவலகத்தில் நானே அப்படிப் பல கோப்புகளை முடித்திருக்கிறேன். நிலுவையில் உள்ள ஒரு காகிதத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டுக் காகிதத்தைக் காப்பாற்றினேன். எங்களைப் போன்றவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு அது. ஆடு மேய்க்கிறவன் செய்யமாட்டான்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை, மூன்றாவது நினைவூட்டைப் பதிவுத் தபாலில் அனுப்ப உச்சிப்புளிக்குப் போனேன். சாலை முழுக்க வண்டிகள். தபால் நிலையத்தில் கூட்டமில்லை. ஒப்புகை அட்டையை ஒழுங்காகப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டு, பேருந்து கிடைத்து ஏறும்போது மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் வளைவு வந்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவர் வேகத்தைக் குறைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லையே, ஆட்கள் பார்த்து ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அல்லது அக்கா என் பேச்சைக் கேட்காமல் தடியை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைத்திருந்தால் கோபித்துக்கொள்ளக்கூடாது என்றும் நினைத்தேன். பேருந்து மெதுவாகி, நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சோற்றுத் தூக்கு சாலையின் அந்த ஓரத்தில் கிடந்தது, மூடி கழலாமல். அவள் இந்த ஓரத்தில் கிடந்தாள்.

வேனை ஓட்டி வந்தவர் எங்கோ வடக்கிலிருந்து தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க. குடித்திருக்கவில்லை, தூங்கிவிடவும் இல்லை. வளைவு திரும்பியதும் எதிரிலேயே ஆள் என்றார். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரை அடிக்கப் போனவர்களை அத்தான்தான் தடுத்தார்.

அன்று என் திறமை முழுவதும் பயன்பட்டது. புகார், விசாரணைக் குறிப்பு, பிரேதப் பரிசோதனைக்கான கடிதம், உடலைப் பெற்றுக்கொள்ளும் ஒப்பம். எந்த மேசைக்கு எந்தத் தாள், எதற்கு எத்தனை நகல், யார் கையெழுத்துக்கு முன் யார் கையெழுத்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, இது வர எத்தனை நாளாகும்?"

"நாளெல்லாம் ஆகாது அத்தான். சாயங்காலத்துக்குள்ள வாங்கிரலாம்."

"அப்படியா," என்றார். "இது வெரசா வந்துருமாக்கும்."

அதில் குத்தல் இல்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. காகிதம் என்றால் மாதக்கணக்கில் ஆகும் என்று இத்தனை நாளாக நான்தானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் அடக்கம் முடிந்து, குளித்துவிட்டு வந்ததும், அவர் கொட்டகைக்குப் பின்னால் போனார். ஆட்கள் கூடப் போனார்கள். தடிகளை உருட்டி வந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

"விடுங்க மாப்ள," என்றார் மெதுவாக. "உங்க சட்டையில சுண்ணாம்பு ஒட்டிக்கிரும்."

நான் விடவில்லை. ஆனால் என்னால் அதைத் தூக்கவும் முடியவில்லை என்பது உண்மை. இரண்டு தடிகளும் பழைய இடத்துக்குப் போயின. துக்கம் ஆறாத அந்த வாரத்திலேயே காவல்துறை வண்டி ஒன்று அந்த வழியாக வந்தது, நின்றது, உள்ளே இருந்தவர் தடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வளைந்து போய்விட்டார்.

ஏழாம் நாள் ஒரு அறிக்கை எழுதினேன். குறிப்பிட்ட இடத்தில் இரண்டு தடிகளை வைத்திருப்பது நான், மினுங்கும் பட்டையும் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறேன், இதனால் விளையும் எதற்கும் பொறுப்பு என்னுடையது, பின்னேற்பு கோருகிறேன். கீழே என் பெயர், முழு முகவரி. என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறியது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு இது?" என்றாள். திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தாளை வாங்கி உறையிலிட்டு ஒட்டினேன். அவளுக்கும் அக்காவுக்கும் நாற்பது வருடப் பழக்கம். மறுநாள் முருங்கை மரத்தடியில் நின்று, யாரும் ஒடிக்க வராத கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவெடுப்பது பற்றி இப்போது என்னிடம் யாரும் வகுப்பெடுக்கச் சொல்வதில்லை. சொன்னால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஒரு காரியத்தைச் செய்தால் என்ன தப்பாகும் என்று நான் நன்றாகக் கணக்குப் போடுவேன், எல்லாரும் போடுவார்கள். செய்யாமல் காத்திருக்கும்போது என்ன போகும் என்று ஒருநாளும் போட்டதில்லை, ஏனென்றால் காத்திருப்பதற்கு யாரும் குறிப்பாணை அனுப்பமாட்டார்கள். தடியை வைத்தது தப்பு என்றால் மறுநாள் உருட்டிவிடலாம். திரும்ப எடுக்கக்கூடிய ஒன்றைக் கண்டு பயந்தேன். திரும்ப எடுக்க முடியாததற்கு மூன்று நினைவூட்டுகள் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காத்திருக்கலாம் என்பதும் ஒரு முடிவு. அதை எடுத்தவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது என்பது மட்டுமே அதன் வசதி.

ஐப்பசி மழையில் ஊரணிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் மேல் மின்கம்பி தொய்ந்து, கையெட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டது. மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கருவேல முள்ளை வெட்டச் சொல்லிப் பாதையின் இரண்டு பக்கமும் அடைத்தேன். பிறகு மின்வாரியத்துக்குப் போன் செய்தேன். பிறகுதான் காகிதம். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் முள்ளைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரைக் கேட்டுப் பாதையை அடைச்சீக?"

"யாரையும் கேக்கல."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு இந்த வயது ஆக வேண்டியிருந்தது; அக்காவும் போக வேண்டியிருந்தது. கம்பியை இரண்டு நாளில் இழுத்துக் கட்டினார்கள். ஊரில் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அன்று முழுக்க இவ்வளவு சுலபமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சுலபம்தானா?

மாசியில் மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். அத்தான் கொல்லையில் இருந்தார். தபால்காரர் முதலில் அக்கா வீட்டுக்குப் போய், பூட்டியிருந்ததால் என் வீட்டுக்கு வந்தார். கையில் பதிவுத் தபால். மேலே அக்காவின் பெயர், திருமதி போட்டு, தட்டச்சில். அவருக்கும் அக்காவைத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டே நீட்டினார்.

"சார், பேர்க்காரவுகதான் வாங்கணும். இல்லைன்னா 'விலாசதாரர் காலமானார்'னு எழுதித் திருப்பி அனுப்பணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். திருப்பி அனுப்புவதுதான் முறை. அனுப்பினால் அந்தக் காகிதம் மேலே போய், அந்த இரண்டு வார்த்தைகளோடு கோப்பு முடிந்துவிடும்.

"நான் வாங்கிக்கிறேன். ஏதாவது வந்தா என் பேரைச் சொல்லுங்க."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். நின்றபடியே பிரித்தேன். ஒரே பத்தி. மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. வேகத்தடை அமைப்பதற்கு முன் இடத்தை ஆய்வு செய்ய வேண்டியுள்ளது. ஆகவே மனுதாரர் ஆய்வு நாளன்று நேரில் வந்திருந்து, தான் வழக்கமாகச் சாலையைக் கடக்கும் இடத்தைச் சரியாக அடையாளம் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

தபால்காரர் ஒப்புகை அட்டையையும் பேனாவையும் நீட்டினார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். விலாசதாரருக்கு என்ன உறவு என்று கேட்டார்; தம்பி என்று எழுதினேன். தேதியும் போடுங்க சார் என்றார். போட்டேன். மாசி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.